ஃபைட்டர் மீனுக்கு ஹீட்டரா, தெர்மாகோலா? குமரி மாவட்டத்துக்கு ஒரு கணக்கு

ஃபைட்டர் மீன் என்று நாம் சொல்கிற பெட்டாவின் பூர்வீகம் தாய்லாந்து. 2019-ல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது. வயல்களிலும் சதுப்புகளிலும் ஆழமில்லாத, வெயில் காய்கிற தண்ணீரில் வாழ்ந்து பழகிய மீன் இது. பாங்காக் பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியைத் தாண்டி இருக்கிறது. கன்னியாகுமரி வெறும் 8 டிகிரியில். ஆகவே, ஹீட்டர் இல்லாமல் பெட்டா வளர்ப்பதே பாவம் என்று குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு நாம் கடைக்கு ஓட வேண்டியதில்லை. அதற்காக, "நம்ம ஊரு சூட்டுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்வதும் முழுச்சரி இல்லை. குமரி மாவட்டம் சின்னதுதான், ஆனால் கடற்கரையில் இருக்கிற குளச்சலும் மலையடிவாரத்துப் பேச்சிப்பாறையும் ஒரே ஊர் மாதிரி இருப்பதில்லை.

பெட்டாவுக்குத் தண்ணீர் 25 முதல் 28 டிகிரி வரை இருந்தால் நல்லது. 24-க்குக் கீழே பல நாள் நின்றால் செரிமானம் மந்தமாகும், சாப்பாட்டில் ஆர்வம் போகும், இலைமேல் அல்லது அடியில் சோர்ந்து படுத்துவிடும். வெள்ளைப்புள்ளி நோய் வருவதும் இப்படிச் சூடு ஏறி இறங்குகிற காலத்தில்தான் அதிகம். 30-க்கு மேலே நீண்ட நாள் போனால் வேறு தொல்லை: தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனின் உடல் வேகமாக இயங்கி சீக்கிரம் மூப்படையும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் பெட்டா தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். அதிகாலையில் ஒரு முறை, மதியம் மூன்று மணிக்கு ஒரு முறை தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கிற சராசரிதான் கீழே சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை. மார்கழி, தை மாதங்களில் நாகர்கோவில் பக்கம் விடிகாலை குளிர்ந்தாலும் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். அப்போது தொட்டியின் சராசரி நன்றாகவே இருக்கும், ஏற்ற இறக்கம்தான் பிரச்சினை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட ஜூன், ஜூலையில் குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டங்களுக்குள் கதையே வேறு. நாலைந்து நாள் வெயிலே தலைகாட்டாது, பகலும் குளிர்ந்தே இருக்கும். அங்கே சராசரியே இறங்கிவிடும். இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. ஆளுக்கு ஒன்று சொல்லி நம்மைக் குழப்புவது இதனால்தான்.

தெர்மாகோல் சூடு தராது. பகலில் ஏறிய சூட்டை இரவுக்குள் ஓடிவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவே. சராசரி 26, விடிகாலை 23 என்றால் அது போதும். அந்த 23-ஐ 25-க்குப் பக்கத்தில் நிறுத்திவிடலாம். சராசரியே 23 என்றால் தொட்டியை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் தண்ணீர் 23-லேயே நிற்கும். அங்கே கரண்டில் ஓடுகிற ஏதோ ஒன்று வேண்டும்.

சராசரி நன்றாக இருந்து விடிகாலை மட்டும் குளிர்கிற முதல் வகைக்காரர்கள்தான் மாவட்டத்தில் பெரும்பாலோர். அவர்களுக்கு என் சிபாரிசு மூன்று வேலைகள், மூன்றும் மலிவு. தெர்மாகோலைக் காசு கொடுத்துப் புதிதாக வாங்கக்கூட வேண்டாம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற பெட்டிகளில் உடைந்தது ஒன்றைக் கேட்டால் கிடைக்கும். நன்றாகக் கழுவி நாற்றம் போகக் காயவையுங்கள். செத்த மீனைக் குளிர வைத்த அட்டை உயிர் மீனைக் கதகதப்பாக வைக்கும், வேடிக்கைதான். தொட்டிக்கு அடியில் ஒன்று, பின்னாலும் இரு பக்கமும் மூன்று. முன்பக்கம் நாம் பார்க்கத் திறந்திருக்கட்டும். மொசைக் தரையில் நேரே வைத்த தொட்டிக்கு அடி அட்டை மட்டுமே பெரிய உதவி.

அடுத்தது மூடி. இதைத்தான் யாரும் பெரிதாக எண்ணுவதில்லை, ஆனால் கணக்கு போட்டால் மூடிதான் முதல் இடம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோஜூல் போதும். அதே தண்ணீர் 100 மில்லி ஆவியாகும்போது எடுத்துப் போவது சுமார் 240 கிலோஜூல். பத்து லிட்டர் தொட்டியில் அது கிட்டத்தட்ட 6 டிகிரிக்குச் சமம். அறைக் காற்று அதில் பெரும் பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்பதால் ஆறு டிகிரி இறங்காது. இருந்தாலும் திறந்த தொட்டி எப்போதும் அறையைவிடக் குளிர்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசுகிற பக்கம் இருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். முப்பந்தலில் காற்றாலை சுற்றுகிற காற்று ஜன்னல் வழியே தொட்டிக்கும் வரும். கண்ணாடி மூடி போடுங்கள், தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே மூன்று விரல் இடம் விடுங்கள். பெட்டா மேலே வந்து உறிஞ்சுகிற காற்றும் அப்போது ஈரமாக, வெதுவெதுப்பாக இருக்கும். தாவிக் குதிக்கிற பழக்கமுள்ள மீன் என்பதால் மூடி அதற்கும் ஆகும். சித்திரை, வைகாசியில் கண்ணாடியை எடுத்துவிட்டு வலை போட்டால் ஆவியாவதே தண்ணீரைக் குளிர்விக்கும்.

மூன்றாவது தண்ணீரின் அளவு. டம்ளர் காப்பி ஆறுகிற வேகத்தில் அண்டா வெந்நீர் ஆறாது, இல்லையா? கடையில் பெட்டாவை வைத்து விற்கிற கால் லிட்டர் ஜாடியும் மேசைமேல் வைக்கிற உருண்டைக் கிண்ணமும் இந்த விஷயத்தில் வீண். இருபது லிட்டர் தொட்டி என்றால் இரவில் மெதுவாகத்தான் ஆறும். அழுக்கும் அதில் மெதுவாகத்தான் சேரும், அது உபரி லாபம்.

கான்கிரீட் வீட்டில் இந்த மூன்றும் செய்தவர்களுக்கு அநேகமாக வேறெதுவும் தேவைப்படாது. ஓட்டு வீடு கொஞ்சம் சீக்கிரம் குளிரும். அங்கே தெர்மாமீட்டர் சொல்வதைக் கேளுங்கள்.

இனி இரண்டாம் வகை. பேச்சிப்பாறை, கீரிப்பாறை, குலசேகரம் பக்கத்தவர்களுக்கும், எங்கே இருந்தாலும் ஏ.சி. அறையில் தொட்டி வைத்தவர்களுக்கும் ஹீட்டர் வேண்டும். எந்த ஹீட்டர் என்பதில்தான் சண்டை.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற தட்டையான குட்டி ஹீட்டர்களில் பலவற்றில் தெர்மோஸ்டாட், அதாவது சூடு போதுமானதும் தானே நிறுத்துகிற அமைப்பு, கிடையாது. அறைச் சூட்டுக்கு மேல் சில டிகிரி ஏற்றிக்கொண்டே இருக்கும், நிறுத்தத் தெரியாது. குளிர்நாட்டில் அதைச் சகித்துக்கொள்ளலாம். நம் ஊரில் மழை விட்டு வெயில் அடித்த மதியத்தில் தண்ணீர் 30 இருக்கும்போதும் அது மேலும் ஏற்றும். என்னைக் கேட்டால் இது வேண்டவே வேண்டாம். ஹீட்டரே இல்லாத தொட்டி இதைவிடப் பத்திரம்.

தெர்மோஸ்டாட் உள்ள, தண்ணீருக்குள் முழுகுகிற 25 வாட் ஹீட்டர்தான் பத்திலிருந்து இருபது லிட்டர் தொட்டிக்குச் சரி. பெரிது வாங்கினால் சீக்கிரம் சூடாகும் என்று 100 வாட்டுக்குப் போகாதீர்கள். தெர்மோஸ்டாட் சிக்கி நிற்காமல் ஓடினால், 100 வாட் பத்து லிட்டர் தண்ணீரை ஒரு மணி நேரத்தில் எட்டு டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். அதே பழுது 25 வாட்டில் வந்தால் மணிக்கு இரண்டு டிகிரி. அதிலும் பாதி வெளியே ஓடிவிடும். நாம் கவனிக்க நேரம் இருக்கும். கரண்ட் செலவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. இரவில் எட்டு மணி நேரம் ஓடினாலும் 0.2 யூனிட்தான், மாதத்துக்கு ஆறு. 

கையோடு கொஞ்சம் மின்வேலை தெரிந்தவர்கள் முட்டை பொரிக்கும் பெட்டிகளில் பயன்படுத்துகிற எஸ்.டி.சி. 1000 வகைக் கன்ட்ரோலரை ஹீட்டருக்கு முன்னால் பூட்டலாம். ஹீட்டரின் சொந்த தெர்மோஸ்டாட் கெட்டாலும் இது நிறுத்திவிடும். ஒரே ஒரு பெட்டாவுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் குஞ்சு எடுக்கிறவர்களுக்கு யோசிக்காமல் சொல்வேன்.

குண்டு பல்பு வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சூடு தரும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சூடு மேல்தண்ணீரில்தான் தங்கும், இரவெல்லாம் வெளிச்சம் இருந்தால் மீன் தூங்காது, ஒரு துளி தண்ணீர் தெறித்தால் பல்பின் கண்ணாடி வெடிக்கலாம். 40 வாட் பத்து மணி நேரம் எரிந்தால் 0.4 யூனிட், ஹீட்டரைப் போல இரண்டு மடங்கு. எல்.இ.டி. பல்பு வைத்துவிட்டு சூடு வரவில்லையே என்று கேட்பவர்களும் உண்டு. அதில் சூடு பெயருக்குத்தான்.

வெந்நீரை நேராக ஊற்றுவது பற்றிப் பேசவே வேண்டாம். மேலே கொதி, கீழே குளிர், நடுவில் மீன்.

ஹீட்டர்க்காரர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் மழைக்காலத்தில் இரவில் கரண்ட் போவது புதிதா என்ன? ஆகவே ஹீட்டர் இருந்தாலும் தெர்மாகோலையும் மூடியையும் கழற்றாதீர்கள். நீண்ட நேரம் கரண்ட் இல்லையென்றால், பிளாஸ்டிக் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கித் தொட்டியில் மிதக்க விடலாம். மெதுவாகத்தான் சூடு இறங்கும், அதுதான் வேண்டும்.

ஏ.சி. அறைக்காரர்கள் ஹீட்டரை 26-ல் வைத்தால் போதும், ஏ.சி. காற்று நேரே தொட்டிமேல் விழாத மூலையைப் பாருங்கள். கண்ணாடி ஹீட்டர் வைத்திருக்கிற யாராக இருந்தாலும், தண்ணீர் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிக் கால் மணி நேரம் ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது காற்றில் வெளியே நின்றால் கண்ணாடி விரிசல் விடும். ஒயர் பிளக்கை நோக்கி மேலேறும் முன் ஒருமுறை கீழே தொங்குகிற மாதிரி விடுங்கள். ஒயர் வழியே வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பிளக் வரை போகாது.