அச்சை விட்ட ஞாயிறு இதழும் விடாத ஞாயிறு இதழும்

பிரிட்டனின் 'இண்டிபெண்டன்ட் ஆன் சண்டே' 1990-இல் தொடங்கி, 2016 மார்ச் 20-ஆம் தேதிப் பிரதியோடு நின்றது. ஆறே நாளில் அதன் தாய் நாளிதழான 'இண்டிபெண்டன்ட்'டும் அச்சை விட்டு முழுக்க இணையத்துக்குப் போனது. காகிதம், அச்சகம், லாரி என எல்லாச் செலவும் மிச்சம். ஆனால் ஞாயிறு இதழ் என்ற ஒன்றே காணாமல் போனதுதான் என் ஆதங்கம். ஞாயிறு இதழின் உயிர் அதன் நிதானத்தில் இருக்கிறது: வாரம் முழுக்க உழைத்து எழுதிய நீண்ட கட்டுரை, புத்தக விமர்சனம், சாவகாசமாகப் புரட்டும் பக்கங்கள். இணையத்திலோ காலையில் முகப்பில் இருந்த கட்டுரையை மதியம் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1791-இல் பிறந்த 'அப்சர்வர்', இன்றும் வெளிவரும் ஞாயிறு இதழ்களில் உலகிலேயே பழையது. 1993-இல் கார்டியன் குழுமத்துக்குப் போனது. அச்சில் தனி முகம் இருந்தும், இணையத்தில் பல ஆண்டுகள் கார்டியன் தளத்துக்குள்ளேயே கரைந்து கிடந்தது. டார்ட்டஸ் மீடியா என்ற இணையச் செய்தி நிறுவனத்துக்கு அதை விற்கும் திட்டத்தை எதிர்த்து 2024 டிசம்பரில் பத்திரிகையாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். அவர்கள் அச்சம் நியாயமானது. ஆனாலும் 2025 ஏப்ரலில் கைமாறிய பிறகு ஞாயிறு அச்சு தொடர்ந்தது, தனி இணையதளமும் வந்தது. இரண்டில் எது என்று கேட்டால், தயங்காமல் இந்த வழியைத்தான் சொல்வேன்.