820 கலோரி என்று நம்பி 55 கிராம் சோற்றை மலைக்குத் தூக்கிப் போனோம்

ஜூன் பள்ளி விடுமுறையில் மலையேறப் போகிறவர்கள் பலர் இப்போது உணவுப் பாக்கெட் தேடிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஏப்ரலில் எங்களுக்கு நடந்தது இது. 192 சிங்கப்பூர் வெள்ளி போனதைக்கூட விட்டுவிடுவேன். காட்டுக்குள் இரண்டாம் நாள் இரவு, எங்களோடு வந்த பையன் ஒருவன் கை நடுங்க, கரண்டியைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததை விட முடியவில்லை.

போனது குனோங் தாஹான். தீபகற்ப மலேசியாவிலேயே உயரமான மலை, 2,187 மீட்டர். மெராப்போ பக்கமிருந்து ஏறி அதே வழியாக இறங்குவது, நான்கு நாள் மூன்று இரவு. நான், என் தம்பி, அவனோடு தேசிய சேவையில் இருந்த இரண்டு பையன்கள். நம் சிங்கப்பூரில் இருக்கும் உயரம் புக்கித் தீமா குன்றின் 163 மீட்டர்தான் என்பதால் மூன்று மாதம் அடுக்குமாடி புளோக் படிக்கட்டில் பை சுமந்து ஏறிப் பழகினோம். பாதையில் கடை எதுவும் கிடையாது. முதுகில் இருப்பதுதான் சாப்பாடு.

அதனால்தான் எடை குறைந்த உணவு தேடினேன். ஃப்ரீஸ் ட்ரைட் எனப்படும், உறைய வைத்து உலர்த்திய உணவு எனக்குப் புதிதில்லை. சமைத்ததை உறைய வைத்து, காற்றழுத்தத்தைக் குறைத்து, பனிக்கட்டி நீராகாமல் அப்படியே ஆவியாகப் போகும்படி செய்வார்கள். உருவம் சுருங்காது, எடை மட்டும் குறையும். கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்தால் சாப்பிடலாம். கடைகளில் வெளிநாட்டுப் பாக்கெட் ஒன்று பெரும்பாலும் 15 வெள்ளிக்கு மேல். இணையத்தில் ஒருவர் அதையே 8 வெள்ளிக்குக் கொடுப்பதாகப் போட்டிருந்தார். காய்கறி பிரியாணி, பருப்புச் சாதம், தக்காளிச் சாதம் என்று நம் சாப்பாடு. 'ஒரு பாக்கெட் 820 கலோரி, 55 கிராம்தான்!' என்று கொட்டை எழுத்தில் விளம்பரம்.

அவர் தமிழில் பேசினார். அக்கா அக்கா என்று மரியாதையாகப் பேசினார், தானும் தாஹான் ஏறியிருப்பதாகச் சொன்னார். நம்ம பிள்ளை, தொழில் செய்து முன்னுக்கு வரட்டும் என்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஒருவருக்கு நாளைக்கு இரண்டு, மூன்று நாளைக்கு ஆறு, நான்கு பேருக்கு 24 பாக்கெட். பேநவ் வங்கிச் சேவையில் காசு அனுப்பினேன். பீஷான் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். கையில் வாங்கியதும் எவ்வளவு இலேசு என்று வியந்தேன். 24 பாக்கெட்டும் சேர்ந்து ஒன்றரைக் கிலோகூட வராது. அந்த இடத்தில்தான் நான் யோசித்திருக்க வேண்டும்.

கொழுப்புக்கு ஒரு கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4. இதற்கு மேல் எந்த உணவும் தராது. அந்த 55 கிராம் பாக்கெட்டில் சோறே இல்லாமல் சுத்தமான நெய்யை அடைத்திருந்தாலும் 495 கலோரிதான் வரும். சோற்றில் 820 வரவே வராது. பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த எண்ணும் 820தான், ஆனால் அதன் அலகு கிலோஜூல். உணவுக் கணக்கில் ஒரு கலோரி 4.184 கிலோஜூல் என்பதால் வகுத்தால் 196. ஆளுக்கு 820 கலோரி என்று கணக்குப் போட்டு நான் கட்டிய பைக்குள் அதில் கால்வாசிகூட இல்லை. பை சுமந்து நாள் முழுக்க ஏறுகிறவருக்கு 3,000 கலோரிக்கு மேல் செலவாகும். நானோ இரண்டு பாக்கெட்டே 1,640 கொடுத்துவிடும், மீதிக்குப் பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும் போதும் என்று குறைவாக எடுத்துப் போயிருந்தேன்.

முதல் இரவு கெம் கோர் முகாமில் தங்கினோம். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஊற்றி, மூடி, துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தோம். தம்பி ஒரு வாய் எடுத்துவிட்டு, "அக்கா, இது வேகவே இல்லை" என்றான். சோறு பல்லில் நறநறவென்று கடிபட்டது. பட்டாணி சுருங்கி மிளகு மாதிரி கிடந்தது. கேரட் துண்டை நான் மென்று பார்த்துவிட்டுத் துப்பினேன், தோல் மாதிரி இழுத்தது. அது உறைய வைத்து உலர்த்தியதே இல்லை, அனல் காற்றில் காய வைத்தது. சரியாக உறைய வைத்து உலர்த்திய பட்டாணி உருண்டையாகவே இருக்கும், விரலால் அழுத்தினால் பொடியாகும். கிளம்பும் முன் ஒரு பாக்கெட்டைப் பிரித்திருந்தால் கண்ணாலேயே தெரிந்திருக்கும்.

வேறு வழியில்லாமல் பாத்திரத்தில் கொட்டி வேக வைத்தோம். ஒவ்வொரு வேளைக்கும் இருபது இருபத்தைந்து நிமிடம் அடுப்பு எரிந்தது. நாங்கள் எடுத்துப் போனது 230 கிராம் கேஸ் டப்பா இரண்டு. தண்ணீர் கொதிக்க வைக்க மட்டும் என்றால் மிச்சமே வந்திருக்கும். இரண்டாம் நாள் இரவு கெம் பொன்சாய் முகாமில் இரண்டாவது டப்பாவும் சீறி அடங்கியது. பாத்திரத்தில் இருந்தது அரைவேக்காடு. கூடவே எண்ணெய் காறிப்போன வாடை. முதல் நாள் அது மசாலா வாடை என்று நினைத்திருந்தேன். அந்தப் பையன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தான். திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் கை நடுங்கியது. குளிர் வேறு. அவன் அம்மாவிடம் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி அழைத்துப் போனவள் நான்.

எங்கள் மலாய்க்கார கைடு எதுவும் கேட்கவில்லை. தன் பானையிலிருந்து சுடச்சுடச் சோறும் இக்கான் பிலிஸ் எனும் நெத்திலிச் சம்பலும் அள்ளி வைத்தார், பையனுக்கு மைலோ கலந்து கொடுத்தார். பக்கத்துக் கூடாரத்தில் இருந்த குழு ஒரு கேஸ் டப்பாவும் நாலைந்து மாகியும் தந்தது. அந்தச் சாப்பாட்டில்தான் மறுநாள் உச்சிக்குப் போய் வந்தோம், ஊர் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த ஏழு பாக்கெட்டை மேசையில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். காலாவதித் தேதி இருந்த வெள்ளை ஸ்டிக்கரின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. ஹேர் டிரையரால் சூடு காட்டி மெதுவாக உரித்தேன். கீழே அச்சடித்த தேதி ஒன்று இருந்தது. நாங்கள் வாங்கிய நாளுக்கு ஏழு மாதம் முன்பே முடிந்துபோன தேதி. ஏழு பாக்கெட்டிலும் அப்படித்தான்.

அவருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "அக்கா, மலையில் தண்ணீர் சரியாகக் கொதிக்காது, அதனால்தான் வேகவில்லை" என்று பதில் வந்தது. உயரம் போகப் போகக் கொதிநிலை குறைவது உண்மைதான். ஆனால் சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம்தான். தாஹான் உச்சியிலேயே ஏறத்தாழ 93 டிகிரியில் கொதிக்கும், நாங்கள் முதல் இரவு சமைத்ததோ மலையடிவாரத்தை ஒட்டிய முகாமில். சந்தேகம் தீரட்டும் என்று வீட்டிலேயே கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்தும் அதே நறநற. அதைக் காணொளி எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு என் எண்ணை முடக்கிவிட்டார், விளம்பரமும் காணாமல் போனது.

சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளிதான், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். போகத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் கொடுக்க வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு கைப்பேசி எண்ணும் எம்ஆர்டி வாசலும். இறக்குமதி செய்த பாக்கெட் உணவில் உள்ளூர் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரான நாடும் இருந்தாக வேண்டும் என்பது இங்கே சட்டம். இதில் மூன்றும் இல்லை. அது ஒன்றைப் பார்த்திருந்தாலே வாங்காமல் விட்டிருப்பேன். சிங்கப்பூர் உணவு அமைப்புக்குப் படங்களோடு புகார் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கும் நடந்திருந்தால் நீங்களும் அனுப்புங்கள், ஸ்டிக்கரை உரிக்கும் முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். விளம்பரத்தை அன்றே படம் பிடித்து வைப்பதும் நல்லது. நான் வைத்திருந்ததால்தான் 'கலோரி' என்று அவர் எழுதியது என் கையில் இருக்கிறது.

இப்போது நானே கட்டுகிறேன். சந்தேகம் கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தேக்கா சந்தையில் வாங்கிய அவல் ஆளுக்கு 120 கிராம், வறுத்த பருப்புப் பொடி, சுருளச் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சல், சின்ன பிளாஸ்டிக் குப்பியில் நெய். அவல் பச்சைத் தண்ணீரிலேயே ஊறிவிடும், கேஸ் தீர்ந்தாலும் பட்டினி இல்லை. இரண்டு மேசைக்கரண்டி நெய் சுமார் 250 கலோரி தரும், பாரம் தெரியாது. 100 கிராம் வறுத்த நிலக்கடலை 570 கலோரிக்குப் பக்கம். நம் ஊர் ஈரத்தில் எல்லாம் நமுத்துப் போகும் என்பதால் வேளைக்கு ஒரு ஜிப் பையாகப் பிரித்து, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுகிறேன். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் கிராமும் கலோரியும் எழுதி விடுகிறேன். அந்தப் பையனுக்கு மட்டும் கடலை மிட்டாய் இரண்டு பங்கு.

அந்த விளம்பரம் போன வாரம் வேறு பெயரில் மறுபடி வந்திருக்கிறது. அதே பச்சை உறை, அதே வெள்ளை ஸ்டிக்கர், எண் மட்டும் 850 ஆகியிருக்கிறது. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் கிளம்பும் முன் ஒன்றைப் பிரித்து ஒரு பட்டாணியை நசுக்கிப் பாருங்கள், ஸ்டிக்கரின் மூலையையும் நகத்தால் கிளப்பிப் பாருங்கள்.