கெட்டித் திரவத்துக்குக் காற்று ஊத: கலக்கித் தொட்டியா, குமிழிக் கோபுரமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே கடலோரம் நெடுகக் கரும்புதான், சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. அந்தச் சர்க்கரையிலிருந்து, பாக்டீரியாவைக் கொண்டு, சாந்தன் கோந்து (உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருள்) எடுக்க 500 லிட்டர் சோதனைக் கலன் ஒன்று எங்களுக்குத் தேவைப்பட்டது. இரண்டு வழி இருந்தன: கலக்கி பொருத்திய தொட்டி, இல்லையென்றால் அடியிலிருந்து காற்றை மட்டும் ஊதும் 3 மீட்டர் உயரக் கோபுரம். நாங்கள் வாங்கியது கலக்கித் தொட்டி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கோபுரத்தின் நல்ல குணங்கள் தெரிந்தவைதான். சுழலும் பாகம் இல்லை, சுழலும் தண்டு நுழையும் இடத்தை அடைக்கும் மெக்கானிக்கல் சீல் வேண்டாம், வேண்டாத கிருமி நுழைய ஒரு வழி குறைவு, விலையும் குறைவு. ஈஸ்ட் வளர்ப்பது போல, தண்ணீராகவே இருக்கும் திரவத்துக்கு யோசிக்காமல் எடுக்கலாம்.

சாந்தன் அப்படியல்ல. தண்ணீராகத் தொடங்கிப் போகப்போகக் கூழாகக் கெட்டிப்படும். இதைச் செய்யும் பாக்டீரியாவுக்கோ ஆக்சிஜன் இடைவிடாமல் வேண்டும். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் காற்றிலிருந்து கரையக்கூடிய ஆக்சிஜன் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான், அதனால் சேமித்து வைக்க வழியில்லை, குமிழியிலிருந்து திரவத்துக்குள் ஓயாமல் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு இறங்கும் என்பது பெரும்பாலும் குமிழிகளின் மொத்தப் பரப்பைப் பொறுத்தது. அதே அளவு காற்றை 5 செ.மீ. குமிழிகளாக விடாமல் 5 மி.மீ. குமிழிகளாக விட்டால் பரப்பு பத்து மடங்கு.

கெட்டித் திரவத்தில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். 5 செ.மீ. குமிழி நொடிக்கு அரை மீட்டர் போல ஏறும், 3 மீட்டர் கோபுரத்தை ஆறேழு நொடியில் தாண்டிப் போய்விடும். ஆக்சிஜனைக் கொடுக்க அதற்கு நேரமே இல்லை.

'சரி, அடியில் காற்று ஊத நுண்துளை ஸ்பார்ஜர் போடுங்கள், சின்னக் குமிழி வரும்' என்பார்கள். முடிவு இந்த இடத்தில்தான் தெளிவானது. அந்தச் சின்னக் குமிழிகளில் பெரும்பாலானவை கொஞ்ச உயரத்துக்குள்ளேயே சேர்ந்து பெரிதாகிவிடும், சேராமல் தப்பியவை திரவத்திலேயே மாட்டிக்கொள்ளும். தண்ணீரைவிட ஆயிரம் மடங்கு கெட்டியான திரவத்தில் 1 மி.மீ. குமிழி ஏறுவது நொடிக்கு அரை மில்லிமீட்டர்தான், 3 மீட்டர் ஏற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதன் ஆக்சிஜனோ வெகு முன்பே தீர்ந்திருக்கும். ஆகத் திரவ மட்டம் உயர்ந்திருக்கும், உள்ளே நிறையக் காற்று இருப்பதுபோலத் தெரியும், அதில் பெரும்பகுதி வேலை முடிந்த வெற்றுக் குமிழி. காற்றுப் பிடிமானம், அதாவது திரவத்துக்குள் நிற்கும் காற்றின் பங்கு, அதிகம் என்று காட்டும் வரைபடத்தை மட்டும் பார்த்து எவரும் கலன் வாங்கிவிடக் கூடாது. ஆக்சிஜன் இறங்கும் வேகத்தை அளவெடுக்கும்போதும் இதே தொல்லை. காற்றை நிறுத்தி மறுபடி திறந்து, திரவத்தில் வைத்த ஆக்சிஜன் புரோப் காட்டும் அளவு ஏறும் வேகத்தைப் பார்ப்பது வழக்கமான முறை. காற்றை நிறுத்தினாலும் இந்தச் சில்லறைக் குமிழிகள் வெளியேறுவதில்லை, அதனால் கணக்கு தப்பும். உள்ளே போகும் காற்றிலும் வெளியே வரும் காற்றிலும் உள்ள ஆக்சிஜனை அளந்து வித்தியாசம் பார்ப்பதே நம்பகமானது. நுண்துளைகள் அடைத்துக்கொள்வதும், அவற்றைச் சுத்தம் செய்யும் பாடும் தனி.

கலக்கித் தொட்டியில் சேர்ந்துபோன குமிழியை இம்பெல்லர் (சுழலும் இலைச் சக்கரம்) திரும்பத் திரும்ப உடைக்கிறது. அசைத்தால் சாந்தன் இளகும், ஆகவே இலைகளுக்கு அருகில் திரவமும் நெகிழ்ந்து கொடுக்கும். அதே குணத்தால் சுவரோரம் அசையாமல் நின்றுவிடவும் கூடும், அதனால் சின்ன இம்பெல்லரை வேகமாகச் சுற்றுவதில் பயனில்லை. தொட்டி அகலத்தில் பாதிக்குக் குறையாத இரண்டைப் போட்டோம்: கீழே காற்றை உடைக்க ஒன்று, மேலே திரவத்தைப் புரட்ட ஒன்று. காற்றுக்குச் சாதாரணத் துளை வளையமே போதுமானதாக இருந்தது.

குறைகள் உண்டு. மின்சாரம் நிறையக் குடிக்கும். இம்பெல்லர் திரவத்துக்குள் செலுத்தும் சக்தி ஏறக்குறைய அத்தனையும் வெப்பமாகத் திரவத்தில்தான் சேரும். டர்பன் கோடையில் குளிர்விக்கும் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும்போது 30 டிகிரியில் நிறுத்துவதற்குச் தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் இல்லாமல் முடியாது. லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) வந்தால் கோபுரத்துக்கும் கம்ப்ரசர் நிற்கும், இரண்டுக்கும் ஜெனரேட்டர் வேண்டும், ஆனால் கலக்கிக்குப் பெரியது வேண்டும்.

என் அனுபவம் 500 லிட்டரோடு நிற்கிறது. அப்புறம், பெரிய தொட்டிக்குப் போகிறவர்கள் வெப்பக் கணக்கை முதலில் போட வேண்டும். அதே வடிவத்தில் தொட்டியின் உயரத்தையும் அகலத்தையும் இரண்டு மடங்காக்கினால் திரவம் எட்டு மடங்காகும், வெளிச்சுவர் நான்கு மடங்குதான் ஆகும், ஆகவே வெளியே சுற்றிய குளிர்நீர் ஜாக்கெட்டை மட்டும் நம்பாமல் உள்ளே குளிர்விக்கும் குழாய்க்கும் இடம் விட்டு வரையச் சொல்லுங்கள்.