புல் ரெக்வெஸ்ட் ரிவியூவுக்கு எக்ஸ்டென்ஷன்: வெப்வியூவா, கமென்ட்ஸ் ஏபிஐயா?

கிட்ஹப் புல் ரெக்வெஸ்ட்டை (தன் நிரல் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி ஒருவர் அனுப்பும் கோரிக்கை) விஎஸ் கோடு எடிட்டருக்குள்ளேயே படித்து, வரிக்கு வரி கருத்து எழுத ஒரு எக்ஸ்டென்ஷன் (எடிட்டரில் சேர்க்கும் கூடுதல் நிரல்) செய்யப் போகிறீர்கள் என்றால், முதலில் ஒரு கேள்விக்குப் பதில் தேவை. டிஃப்பை, அதாவது பழைய நிரலுக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை, திரையில் வரைவது யார்? வெப்வியூ (எடிட்டருக்குள் திறக்கும் வெப் பக்கம்) திறந்து நீங்களே வரையலாம். எடிட்டரின் சொந்த டிஃப்பைத் திறந்து, அதன் மேல் கமென்ட்ஸ் ஏபிஐ (கருத்துப் பெட்டிகளுக்கு எடிட்டர் தரும் இடைமுகம்) மூலம் கருத்துகளைப் பொருத்தவும் செய்யலாம். பின்னால் வரும் வேலையில் பாதி இந்த முடிவைப் பொறுத்தது.

வெப்வியூவில் தொடக்கம் வேகமாக இருக்கும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் தெரிந்தால் போதும், இரண்டு நாளில் பார்க்க அழகான பக்கம் வந்துவிடும். தொல்லை அதற்குப் பிறகுதான். எடிட்டரின் பின்னணி நிறம், எழுத்துரு போன்றவை சிஎஸ்எஸ் வேரியபிள்களாகக் கிடைக்கும். ஆனால் கீவேர்டுக்கு ஒரு நிறம், ஸ்ட்ரிங்குக்கு ஒரு நிறம் என்று தீம் தரும் தொடரியல் நிறங்கள் அப்படிக் கிடைப்பதில்லை. அதற்குத் தனியாக ஒரு ஹைலைட்டரைக் கட்டிக்கொண்டு போக வேண்டும், அப்போதும் பயனரின் தீமோடு முழுதாக ஒத்துப்போகாது. இன்னொரு சிக்கல், வேறு டேபுக்குப் போனவுடன் வெப்வியூவின் உள்ளடக்கம் அழிக்கப்படுவது. பாதி எழுதிய கருத்து அப்படியே காணாமல் போகும். மறைந்தாலும் நினைவில் வைத்திருக்கச் சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு, ஆனால் அது மெமரியைத் தின்னும். ஒவ்வொரு எழுத்து மாற்றத்துக்கும் செட்ஸ்டேட் அழைத்துச் சேமித்து, திரும்பத் திறக்கும்போது மீட்டெடுப்பதே சரியான வழி.

எல்லாக் கோப்பையும் ஒரே பக்கத்தில் உருட்டிப் பார்க்கலாம் என்பது ஒரு காலத்தில் வெப்வியூவுக்கு இருந்த பெரிய பலம். இப்போது பல கோப்புகளின் டிஃப்பை ஒரே எடிட்டரில் திறக்க விஎஸ் கோடிலேயே கட்டளை வந்துவிட்டது. தலைப்பும், ஒவ்வொரு கோப்புக்கும் அடையாள முகவரி, பழைய முகவரி, புதிய முகவரி என்ற பட்டியலும் கொடுத்தால் போதும்.

கமென்ட்ஸ் ஏபிஐ கட்டுப்பாடு மிகுந்தது. பெட்டியின் தோற்றத்தை மாற்ற முடியாது, மார்க்டவுன் மட்டுமே காட்டும். அதற்கு ஈடாகக் கிடைப்பது பெரிது. பயனரின் தீம், எழுத்துரு, விசைக்குறுக்குகள் எல்லாம் தானாக வந்துவிடும். டிஃப்பில் புதிய பதிப்பு உள்ள பக்கம் வட்டில் உள்ள உண்மையான கோப்பாக இருந்தால், ஒரு ஃபங்க்ஷனின் மேல் நின்று அதன் வரையறைக்குத் தாவலாம். ரிவியூவுக்கு இதைவிட உதவும் வசதி வேறில்லை. நீங்களே உருவாக்கிய ஸ்கீமில் (முகவரியின் முன்பகுதி) உள்ளடக்கத்தைக் கொடுத்தால், வரையறைக்குத் தாவுவது போன்ற வசதிகளைத் தரும் லாங்குவேஜ் சர்வர்களில் பெரும்பாலானவை அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது. சாதாரணக் கோப்பு ஸ்கீமுக்கு மட்டுமே அவை பதிவு செய்துகொண்டிருக்கும்.

இதில் வழக்கமாக மூன்று இடங்களில் தடுக்கும். கமென்ட் கன்ட்ரோலர் உருவாக்கியாயிற்று, பெட்டியும் வருகிறது, அனுப்பும் பட்டன் மட்டும் இல்லை: பேக்கேஜ் ஜேசான் கோப்பில் கமென்ட் திரெட்டுக்கான (ஒரு வரியில் தொடங்கும் கருத்துத் தொடர்) மெனுவைப் பதிவு செய்யவில்லை. திரெட் உருவாகியும் திரையில் தெரியவில்லை: திரெட்டின் முகவரியும் டிஃப்பில் திறந்த ஆவணத்தின் முகவரியும் க்வெரி பகுதி உட்பட எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லை. மூன்றாவது, வரி எண்.

வரி எண்ணை நிதானமாகப் பார்ப்போம். கிட்ஹப் 1 இலிருந்து எண்ணும், விஎஸ் கோட் 0 இலிருந்து. ஒரு ஹங்க் (டிஃப்பில் மாற்றம் உள்ள வரித் தொகுதி) தலைப்பு @@ -40,6 +42,9 @@ என்று இருந்தால், புதிய பக்கத்தில் 42 முதல் 50 வரையுள்ள 9 வரிகள் அதில் அடங்கும். எடிட்டரின் ரேஞ்ச் 41 முதல் 49. கருத்து எழுத அனுமதிக்கும் பகுதியாக இதை மட்டும் திருப்பிக் கொடுங்கள். முழுக் கோப்பையும் திறந்துவிட்டால், டிஃப்புக்கு வெளியே உள்ள வரியில் பயனர் எழுதுவார், கிட்ஹப் 422 என்ற பிழையோடு திருப்பி அனுப்பும். இன்னொன்று: பிறகு வந்த கமிட்டால் (பதிவு செய்த மாற்றம்) காலாவதியான பழைய கருத்துக்குக் கிட்ஹப்பின் ரெஸ்ட் ஏபிஐ வரி எண்ணை நல் (null, மதிப்பில்லை) என்று தரும். அதில் கண்ணை மூடிக்கொண்டு 1 கழித்தால் -1 வரும், எடிட்டர் பிழை எறிந்து மொத்தப் பட்டியலும் நின்றுவிடும். முதலில் எழுதப்பட்ட வரி எண் தனிப் புலமாக வருகிறது. அதை வைத்து அந்தக் கருத்துகளைத் தனியாகக் காட்டலாம்.

ஆகவே என் பரிந்துரை: வரிக் கருத்துகள் கமென்ட்ஸ் ஏபிஐயில். தலைப்பு, விளக்கம், சோதனை நிலை ஆகியவை கொண்ட முகப்புப் பக்கம் மட்டும் வெப்வியூவில்.

ரெஸ்ட்டா, கிராஃப்க்யூஎல்லா?

கிட்ஹப்பிடம் தரவு கேட்கும் இந்த இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை ஒதுக்க முடியாது. ஒரு திரெட்டைத் தீர்ந்தது என்று குறிக்கும் வசதி கிராஃப்க்யூஎல்லில்தான் இருக்கிறது. திரெட், அதன் பதில்கள், தீர்ந்ததா, காலாவதியா என்பதெல்லாம் ஒரே கேள்வியில் வந்துவிடும். மாறிய கோப்புகளின் பட்டியலுக்கு ரெஸ்ட் எளிது. பக்கத்துக்கு இயல்பாக 30, கேட்டால் 100, மொத்தம் 3000 கோப்பு வரை தரும். பெரிய கோப்புகளுக்கும் பைனரிக்கும் பேட்ச் புலம் (மாறிய வரிகள்) வராது, அதைச் சோதிக்காமல் பிரித்தால் உடையும். மணிக்கு 5000 கோரிக்கை என்ற வரம்பு தாராளம் போலத் தெரியும், ஆனால் சில நொடிக்கு ஒருமுறை புதுப்பித்தால் சீக்கிரம் கரையும். முந்தைய பதிலோடு வந்த ஈடேக் என்ற அடையாளக் குறியை அனுப்பிக் கேளுங்கள். எதுவும் மாறாவிட்டால் 304 (மாற்றமில்லை) வரும், அது வரம்பில் கழியாது.

கருத்துகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல் ஒரு ரிவியூவாகச் சேர்த்து அனுப்புங்கள். இல்லையென்றால் 15 கருத்துக்கு 15 அறிவிப்பு போய், நிரல் எழுதியவர் எரிச்சலடைவார். ஒரு புல் ரெக்வெஸ்ட்டில் ஒருவருக்கு நிலுவையில் ஒரு ரிவியூதான் இருக்க முடியும். பிரவுசரில் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் புதிதாக உருவாக்கும் அழைப்பு தோற்கும், எனவே இருக்கிறதா என்று முதலில் கேட்டு அதிலேயே சேர்க்க வேண்டும்.

நிரலை எங்கிருந்து எடுப்பது?

ஏபிஐ மூலம் எடுத்தால் குளோன் (களஞ்சியத்தின் உள்ளூர் நகல்) தேவையில்லை, ஆனால் வரையறைக்குத் தாவும் வசதி போய்விடும். கவனிக்க வேண்டிய பொறி ஒன்றும் உண்டு. புல் ரெக்வெஸ்ட் தரும் பேஸ் எஸ்எச்ஏ (கமிட்டின் அடையாளம்) குறிப்பது பேஸ் பிராஞ்சின், அதாவது மாற்றம் போய்ச் சேர வேண்டிய கிளையின், கமிட், கிட்ஹப் டிஃப் காட்டுவதோ இரண்டு பிராஞ்சும் பிரிந்த இடத்திலிருந்து. பேஸ் எஸ்எச்ஏவையே இடப்பக்கம் வைத்தால், யாரோ மெயினில் சேர்த்த வரிகள் புல் ரெக்வெஸ்ட் அனுப்பியவர் நீக்கியவை போலத் தெரியும். கம்பேர் அழைப்பில் வரும் மெர்ஜ் பேஸ் கமிட்டை (பிரிந்த இடம்) எடுங்கள். உள்ளூர் கிட்டில் டிஃப் எடுத்தால் இரண்டு புள்ளி (..) வடிவம் அல்ல, மூன்று புள்ளி (...) வடிவம்.

உள்ளூர் குளோன் இருக்கும்போது கிட் ஃபெட்ச்சுக்கு ஆரிஜினையும் புல்/123/ஹெட் என்ற ரெஃபையும் கொடுத்தால் போதும், ஃபோர்க்கை (அனுப்பியவரின் சொந்த நகல் களஞ்சியம்) ரிமோட்டாகச் சேர்க்க வேண்டாம். பிறகு இருக்கும் கோப்புறையிலேயே செக்அவுட் செய்யாமல், வொர்க்ட்ரீயாகத் (அதே களஞ்சியத்துக்கு இன்னொரு தனிக் கோப்புறை) திறப்பதையே விரும்புகிறேன். பயனரின் கமிட் ஆகாத வேலையைத் தொடாது. புதிய கோப்புறையில் சார்பு நூலகங்கள் இருக்காது என்பது அதன் விலை, ஒருமுறை நிறுவ வேண்டும். ஆழம் குறைத்த (முழு வரலாறு இல்லாத) குளோனில் மெர்ஜ் பேஸ் கிடைக்காமல் போகலாம். அப்போது வரலாற்றை நீட்டித்து ஃபெட்ச் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

பிரவுசரில் ஓடும் விஎஸ் கோடிலும் வேலை செய்ய வேண்டுமென்றால் கிட் கட்டளையை இயக்கவே முடியாது, ஏபிஐ வழி மட்டுமே மிஞ்சும். கோப்பு படிக்கும் பகுதியை முதல் நாளிலிருந்தே தனி இன்டர்ஃபேஸாகப் பிரித்து, இரண்டு வழியையும் அதன் பின்னால் வையுங்கள்.