தலைப்பு எழுதித் தருகிறோம் என்று 11,799 ரூபாய் வாங்கியவர்கள்: பிளாக் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்று காலையில்தான் அவர்களிடமிருந்து கடைசியாக ஒரு மெசேஜ் வந்தது. "நோ ரீஃபண்ட் மேடம், எங்க பாலிசி அப்படி." அவ்வளவுதான். 11,799 ரூபாய் போனது போனதுதான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இதே விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று என் தோழி ஒருத்தி அதை எனக்கே அனுப்பி, "இதுல சேரலாமாடி?" என்று கேட்டாள். அதனால்தான் கையோடு எழுதுகிறேன். தலைப்பு வைப்பது பற்றி எனக்குத் தெரிந்ததையும் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நான் மதுரையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன், அதைப் பற்றித்தான் கூகுளின் பிளாக்கர் தளத்தில் எழுதுகிறேன். பல பிளாக்குகளின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் போன்ற திரட்டிகள் இருந்த காலத்தில் முகப்பில் தலைப்பும் இரண்டு வரியும்தான் தெரியும், அதைப் பார்த்துவிட்டு ஆட்கள் உள்ளே வருவார்கள். இப்போது திரட்டி இல்லை. கூகுளில் தேடுகிறவர்கள்தான் வருகிறார்கள், அவர்களுக்கும் முதலில் கண்ணில் படுவது தலைப்புதான். ஆக, தலைப்பு நன்றாக அமைய வேண்டும் என்ற கவலை எழுதுகிற எல்லோருக்கும் உண்டு. அந்தக் கவலையை வைத்துத்தான் இவர்கள் காசு பார்க்கிறார்கள்.

இவர்கள் ஓர் ஆன்லைன் பயிற்சி நிறுவனம். விளம்பரத்தில் சொன்னது இது: உங்கள் பதிவுகளை எங்கள் நிபுணர்கள் முழுசாகப் படிப்பார்கள், படித்துவிட்டு உங்கள் பிளாக்குக்கென்றே 50 தலைப்புகள் எழுதித் தருவார்கள், கூடவே நேரடி வகுப்பு, சந்தேகம் கேட்க வாட்ஸ்அப் குழு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இலவச அறிமுக வகுப்பு என்று ஒன்று நடத்தினார்கள். அது முடிந்ததும் ஒரு பையன் போன் செய்தான். என்னை நம்ப வைத்தது அந்தப் போன்தான்.

"அக்கா, உங்க மாவுப்பூச்சி பதிவு படிச்சேன்க்கா. செடியில எறும்பு ஏறுனா இலைக்கு அடியில திருப்பிப் பாருங்கன்னு எழுதியிருந்தீங்கல்ல, எங்க அம்மா வச்ச செம்பருத்தியிலயும் அதேதான்க்கா. இவ்வளவு விஷயம் எழுதிட்டு 'ஓர் அனுபவம்'னு தலைப்பு வச்சா யாருக்கா உள்ள வருவா?"

எறும்பு விஷயம் அந்தப் பதிவில் நடுவில்தான் வரும். செடியில் வெள்ளையாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், செடிக்குச் செடி தூக்கிக்கொண்டும் போகும் என்று விளக்கமாக எழுதியிருந்தேன். அதுவரைக்கும் படித்திருக்கிறான். எழுதுகிறவர்களுக்கு இது புரியும். பின்னூட்டம் வருவதே அபூர்வமாகிவிட்ட காலத்தில், ஒருவன் நம் பதிவின் நடுப்பத்தியைச் சொல்லிப் பேசினால் மனசு இளகாதா? தலைப்பைப் பற்றி அவன் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. "சரி தம்பி, எவ்வளவு?" என்று கேட்டேன்.

9,999 ரூபாய், அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 11,799. "ஆஃபர் இன்னைக்கு ராத்திரி 12 மணியோட முடியுதுக்கா, நாளைக்கு இந்த ரேட் கிடையாது." யுபிஐயில் அனுப்பினேன். உடனே ரசீது என்று ஒரு படம் வந்தது. அதில் பெயர் இருந்தது, தொகை இருந்தது, "வரி உட்பட" என்று இருந்தது. ஜிஎஸ்டி எண் மட்டும் இல்லை. வரி என்று 1,800 ரூபாய் வாங்குகிறவர்கள் 15 இலக்க எண்ணை ரசீதில் போட வேண்டாமா? பிற்பாடு எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், இன்றுவரை அந்த எண் வரவில்லை.

அடுத்த வாரம் ஃபைல் வந்தது. 50 தலைப்புகள், எண்ணிக்கை சரிதான். அவற்றில் சிலதை அப்படியே தருகிறேன்.

"உங்கள் வாழ்க்கையையே மாற்றப்போகும் செம்பருத்தியின் 7 ரகசியங்கள்! நான்காவது உங்களை அதிர வைக்கும்!"

"கறிவேப்பிலை வளர்ப்பவர்கள் செய்யும் 5 பயங்கரத் தவறுகள்!"

"உங்கள் மாடித்தோட்டத்தை நாசமாக்கும் எதிரியை ஒரே இரவில் விரட்டும் அதிசய ரகசியம்: மாவுப்பூச்சி!"

ஐம்பதும் இதே மாதிரிதான். என் செம்பருத்திப் பதிவில் ஏழு விஷயமே கிடையாது. நான்காவதாக அதிர வைக்க எதுவும் இல்லை. படித்துப் பார்த்து எழுதியது என்றார்களே, படித்தவன் இப்படி எழுதுவானா?

நேரடி வகுப்பு என்றார்கள். அதுவும் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்த வீடியோ. அதில் ஒருவர் "தலைப்பு 60 எழுத்தைத் தாண்டக்கூடாது" என்று அடித்துச் சொல்கிறார். 60 என்பது ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் குத்துமதிப்பாக வைத்துக்கொண்ட கணக்கு. கூகுள் இத்தனை எழுத்து என்று வரம்பு எதுவும் வைக்கவில்லை. திரையின் அகலத்துக்கு எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவைக் காட்டிவிட்டு மிச்சத்தை வெட்டிவிடும். நம் எழுத்துகள் அகலமானவை, ணை, ஞா, கொ எல்லாம் எவ்வளவு இடம் பிடிக்கும்! கணினி எண்ணுவதும் நாம் எண்ணுவதும் ஒன்றில்லை. "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. தமிழ் பிளாக்குகளுக்கென்றே வகுப்பு என்று விற்றுவிட்டு இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

குழுவில் ஒரு சந்தேகம் கேட்டேன். பிளாக்கரில் தமிழில் தலைப்பு வைத்தால் இணைப்பில் தலைப்பு வராமல் வெறும் பிளாக்-போஸ்ட் என்று வருகிறதே, என்ன செய்வது? பிளாக்கரில் எழுதும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெளியிடுவதற்கு முன்பே பெர்மாலிங்க் (பதிவின் இணைப்பு முகவரி) பகுதியில் ஆங்கில எழுத்தில் நாமே இணைப்பைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. "டெக்னிக்கல் டீம்கிட்ட கேட்டுச் சொல்றோம்" என்றார்கள். இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் போல.

நாம் கொடுக்கிற தலைப்பை அப்படியே காட்டியாக வேண்டிய கட்டாயம் கூகுளுக்கு இல்லை. பக்கத்தில் உள்ள பெரிய எழுத்துத் தலைப்பையோ வேறு வரியையோ எடுத்துப் போடும். 2021 ஆகஸ்டில் அந்த முறையை மாற்றியதாக அவர்களே அறிவித்தார்கள். அதுவும் வகுப்பில் வரவில்லை.

இத்தனைக்கும் பிறகும், காசு கொடுத்தாயிற்றே என்று மாவுப்பூச்சிப் பதிவுக்கு அவர்கள் தந்த தலைப்பைப் போட்டேன். கொஞ்ச நாள் கழித்து போனில் தேடிப் பார்த்தால், "உங்கள் மாடித்தோட்டத்தை நாசமாக்கும் எதிரியை ஒரே..." அதோடு வெட்டுப்பட்டு நிற்கிறது. மாவுப்பூச்சி என்ற சொல்லே தெரியவில்லை! மாவுப்பூச்சிக்கு மருந்து தேடி வருகிறவர் அந்தச் சொல்லைக் கண்ணால் பார்க்காமல் எதை நம்பித் தொடுவார்?

அதைவிட என்னைச் சுட்டது ஒரு பின்னூட்டம். நீண்ட நாளாகப் படித்து வருகிற ஒரு பெண் எழுதியிருந்தார்: "அக்கா, மேல ஒரே ராத்திரியில போயிடும்னு போட்டிருக்கீங்க, உள்ள வாராவாரம் தெளிக்கணும்னு இருக்கு. எதை நம்புறது?"

உள்ளே இருப்பதுதான் உண்மை. மாவுப்பூச்சியின் உடம்பில் மெழுகுப் பூச்சு இருக்கிறது. வெறும் தண்ணீர் அடித்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், அது கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளிக்க வேண்டும், அடங்கும்வரை வாரம் ஒரு முறை. ஒரே இரவில் எந்த மாவுப்பூச்சியும் போகாது. இந்தப் பெண் என்னை நம்பித்தான் செடி வளர்க்கிறார். அவரிடம் என் பெயரில் பொய் சொல்ல வைத்துவிட்டார்கள். 11,799 ரூபாய் போனதைவிட இதுதான் ஆற மாட்டேன் என்கிறது. அன்றே தலைப்பைப் பழையபடி மாற்றிவிட்டேன்.

பிறகு ஒரு சமையல் பிளாக்கில் பார்க்கிறேன்: "உங்கள் வாழ்க்கையையே மாற்றப்போகும் சாம்பாரின் 7 ரகசியங்கள்! நான்காவது உங்களை அதிர வைக்கும்!" செம்பருத்தி இருந்த இடத்தில் சாம்பார், மற்றபடி ஆச்சரியக்குறி உட்பட எல்லாம் அதே. அந்த அம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். அவரும் இவர்களிடம்தான் பணம் கட்டியிருக்கிறார். உங்களுக்கென்றே எழுதியது என்று இருவருக்கும் விற்றிருக்கிறார்கள்.

இந்த ரகத் தலைப்பு புதிதும் இல்லை. ஆளை இழுத்துவிட்டு உள்ளே ஒன்றும் இல்லாத தலைப்புகளைக் கீழே தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2014-லேயே அறிவித்தது. உள்ளே போனவர் உடனே திரும்பி வருகிறாரா என்று பார்ப்போம் என்றார்கள். 2016-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். அப்போதே ஒதுக்க ஆரம்பித்த சரக்கைத்தான் இவர்கள் இன்றைக்கும் 11,799 ரூபாய்க்கு விற்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "அக்கா" போய் "மேடம்" ஆகிவிட்டேன். முதலில் "டீம்ல சொல்லியிருக்கேன் மேடம்". அடுத்து "ரிசல்ட் வர 90 நாள் ஆகும் மேடம், வெயிட் பண்ணுங்க". அப்புறம் வேறொரு பெண் பேசினார், "அந்த எக்ஸிகியூட்டிவ் இப்ப இங்க இல்லை, நீங்க மெயில் போடுங்க" என்றார். மெயில் போட்டால் தானியங்கிப் பதில். சாம்பார் தலைப்பையும் செம்பருத்தித் தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். உடனே அட்மின் மட்டும் எழுதலாம் என்று குழுவைப் பூட்டினார்கள், அன்று மாலையே என்னை நீக்கியும் விட்டார்கள். என் கேள்வி ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. போன் செய்தால் இரண்டு ரிங்கில் கட்டாகிறது.

வங்கியில் கேட்டேன். நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம், எங்களால் திருப்ப முடியாது என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கும் தவறான விளம்பரத்துக்கும் அங்கே வழக்குப் போடலாம், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமும் இல்லை. விடுவதாக இல்லை.

தலைப்பு பற்றிச் சொல்கிறேன் என்றேன், கோபத்தில் நீட்டி எழுத முடியவில்லை. கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். உங்கள் பிளாக்கை அதில் இணைத்தால் ஆட்கள் என்ன தட்டச்சு செய்து உங்களிடம் வந்தார்கள் என்று காட்டும். என் பதிவுக்கு வந்தவர்கள் பலர் "செம்பருத்தி செடியில் வெள்ளை பூச்சி" என்று தேடியிருக்கிறார்கள். அந்தச் சொற்களையே தலைப்பின் தொடக்கத்தில் வையுங்கள், உள்ளே இல்லாததை மேலே எழுதாதீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஜிஎஸ்டி எண் கேளுங்கள், அரசின் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள், பெயர் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். உங்கள் பதிவு ஒன்றுக்கு ஒரே ஒரு தலைப்பு எழுதிக் காட்டச் சொல்லுங்கள். இன்று இரவோடு முடிகிறது என்றால் போனை வைத்துவிடுங்கள். ரீஃபண்ட் விதியைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே இவர்களிடம் கட்டியிருந்தால் வாட்ஸ்அப் உரையாடல், ரசீது, விளம்பரம் எல்லாவற்றையும் இன்றே படமாக எடுத்து வையுங்கள், பிறகு புகாருக்கு இவை வேண்டும். 1915-ல் நீங்களும் பதிவு செய்யுங்கள். சமையல் பிளாக் அம்மாவும் நேற்று பதிவு செய்துவிட்டார்.