என்கெய் ஆர்பிஎஃப்1: ஜாலியாக டிராக் ஓட்டுபவருக்கு இது போதும்

கோப்பைக்காக இல்லாமல் ஆசைக்காக டிராக்கில் ஓட்டுகிற கார் என்றால் ஃபோர்ஜ்டு வீல் (உலோகத்தை அழுத்தி அடித்துச் செய்த விலையுயர்ந்த வீல்) தேடி அலைய வேண்டாம் என்பது என் கட்சி. ஜப்பானின் என்கெய் நிறுவனம் செய்யும் ஆர்பிஎஃப்1 வார்ப்பு வீல்தான், ஆனால் வார்த்த பிறகு விளிம்புப் பகுதியை உருளைகளால் அழுத்தி நீட்டுவதால் அங்கே உலோகம் மெலிதாகவும் உறுதியாகவும் இருக்கிறது. 17க்கு 9 அங்குல அளவில் எடை சுமார் 7 கிலோ.

முடுக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, சத்தியமாக. தெரிவது டிராக் ஓரத்து மேடான கெர்ப் மேல் ஏறி இறங்கும்போதுதான்: சஸ்பென்ஷன் சுமக்காமல் சக்கரத்தோடு சேர்ந்து ஆடுகிற எடை குறைவதால் டயர் தரையை விட்டு எழும்பினாலும் சட்டென்று திரும்ப ஒட்டிக்கொள்கிறது, ஸ்டீயரிங்கும் சொன்னபடி கேட்கிறது. இந்த லாபத்தைக் கனமான டயர் போட்டுத் தொலைத்துவிடாதீர்கள், டயர்தான் வெளிவட்டத்தில் சுழல்கிறது, அங்கே கூடும் எடையைச் சுழற்றவும் நிறுத்தவும்தான் கார் அதிகம் திணறும்.

ஆஃப்செட்டோடு (வீலின் நடுக்கோட்டிலிருந்து அதைப் பொருத்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது) பிரேக் காலிப்பர் இடைவெளியையும் பாருங்கள், விட்டம் பொருந்தினாலும் ஸ்போக் உரசலாம். பல அளவுகளில் நடு ஓட்டை 73 மி.மீ., உங்கள் ஹப் (வீல் உட்காரும் அச்சு முனை) சிறியது என்றால் இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் வேண்டும். பிளாஸ்டிக் ரிங் பிரேக் சூட்டில் இளகும், அலுமினியமே வாங்குங்கள்.

தோற்றமா? எல்லாரும் போட்டிருப்பார்கள், எனக்குக் கவலையில்லை. அதே வடிவில் மலிவாக வரும் நகல்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள், பார்வைக்கு ஒன்றுதான், எடையும் வலுவும் வேறு. எந்த வீலானாலும் சரி, ஓட்டி முடித்ததும் ஸ்போக் அடியில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.