ஸ்கேன் படங்களுக்குக் கணினித் திறன்: மையத்திலா, கிளவுடிலா, பகிர்விலா?

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் ஸ்கேன் மையம் நடத்துகிறவர்களுக்கு, படங்களைக் கணினியில் கணக்கிட்டு ஆராய மூன்று வழிகள் உண்டு: மையத்திலேயே ஜி.பி.யூ. (ஒரே நேரத்தில் ஏராளமான கணக்குகளைப் போடும் சில்லு) பொருத்திய கணினி, இணையம் வழியே வேறிடத்துக் கணினிகளை வாடகைக்கு எடுக்கும் கிளவுட், பல மையங்களின் கணினிகளை இணைத்த பகிர்வு முறை. விற்க வருகிறவர்கள் கணினியின் வேகத்தைத்தான் பேசுவார்கள். கம்பி வழியே எவ்வளவு தரவு போக வேண்டும் என்பதையே நான் முதலில் கேட்பேன்.

சி.டி. படத்தின் ஒரு துண்டு 512க்கு 512 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட் என்றால் அரை எம்.பி. ஆயிரம் துண்டுகளுக்கு 500 எம்.பி. நொடிக்கு 20 மெகாபிட் (8 பிட் ஒரு பைட்) பதிவேற்றும் இணைப்பில் அது கிளவுடுக்குப் போய்ச் சேரவே மூன்று நிமிடத்துக்கு மேலாகும். கூட்டம் மிகுந்த நாளில் மட்டும் கூடுதல் திறனை வாடகைக்கு எடுக்கலாம் என்பது உண்மையான வசதிதான். ஆனால் தலையில் அடிபட்டு வந்தவரின் படத்தைக் கிளவுடை நம்பி விடமாட்டேன். இணைய இணைப்பு அறுந்தால் படம் போகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வட சென்னையைப் படுத்திய பாடு போதும். அவசரத்துக்கு உள்ளூர்க் கணினியே சரி. யு.பி.எஸ்., ஏசி செலவு உண்டு. காசிமேட்டு உப்புக்காற்று உள்ளே புகாமலும் காக்க வேண்டும்.

பகிர்வு முறையில் ஒரே ஸ்கேனைப் பிரித்துக் கணக்கிடுவது வீண் வேலை. படத்தைச் சுற்றுச் சுற்றாகத் திருத்திக் கட்டும் முறையில், நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 512 புள்ளிகளுள்ள படம், புள்ளிக்கு 4 பைட் வீதம், 512 எம்.பி. ஒவ்வொரு சுற்றுக்கும் அதைப் பரிமாற வேண்டும். ஒரு ஜிகாபிட் இணைப்பில் சுற்றுக்கு நான்கு நொடி பரிமாற்றத்துக்கே போய்விடும். ஒரே கூடத்தில் 200 ஜிகாபிட் இன்பினிபேண்ட் எனும் அதிவேகக் கம்பியால் இணைந்த கணினிகளுக்கு ஐம்பதில் ஒரு நொடி போதும். ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே அப்படிக் கம்பி ஏது?

பகிர்வின் அருமை, படம் படிக்கும் மென்பொருளுக்குப் பயிற்சி தருவதில்தான் தெரியும். 2016இல் வந்த முப்பரிமாண யூ-நெட், படத்தின் பகுதிகளைப் பிரித்தறியும் அப்படியொரு மென்பொருள் மாதிரி. அது பயிற்சியில் கற்றுக்கொள்வது சுமார் 1.9 கோடி எண்கள். எண்ணுக்கு 4 பைட் வீதம் மொத்தமே 76 எம்.பி. படங்கள் அந்தந்த மையத்திலேயே இருக்கும், இந்த எண்கள் மட்டும் போய்வரும். 71 இடங்களிலிருந்த மூளைக்கட்டிப் படங்களைக் கொண்டு இப்படிப் பயிற்றுவித்த ஆய்வு 2022இல் வெளியானது. பழைய காசநோய்த் தழும்புள்ள நம் மக்களின் நுரையீரலை, அதை அதிகம் பார்த்தறியாத மென்பொருள் சரியாகப் படிக்கும் என்று எப்படி நம்புவது? நம் மையங்களின் படங்களும் பயிற்சியில் சேர வேண்டும். அனுப்பும் எண்களிலிருந்தும் நோயாளி விவரம் கசிய வாய்ப்புண்டு. எனவே அவற்றை மறையாக்கம் செய்தே அனுப்ப வேண்டும்.

இப்போதைக்கு உள்ளூர்க் கணினி வாங்குகிறவர்களும் மூலப் படங்களை, ஸ்கேன் கருவிகள் தரும் மருத்துவப் பட வடிவமான டைகாமிலேயே சேமித்து வையுங்கள். ஜேபெக்காக மாற்றி மூலத்தை அழித்துவிட்டால் திசுவின் அடர்த்தியைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகள் போய்விடும். அந்தப் படங்கள் பிறகு பயிற்சிக்கு அவ்வளவாக உதவா.